கொடி ரெடி... பெட்ரோல் ரெடியா?



காலேஜ் கல்ச்சுரல்ஸுக்கு ஸ்பான்சர் பிடிக்க அலைஞ்சிருக்கீங்களா? நான் அலைஞ்சிருக்கேன். செகண்ட் இயர். மூணு பேர், ரெண்டு பைக், இஸ்திரி போட்ட சட்டை, ஸ்பைரல் பைண்டிங் பண்ணின ஒரு ஃபைல். துணிக்கடை முதலாளி ஒருத்தர் ஃபைலைத் திறக்கவே இல்லை. "யாருப்பா சீஃப் கெஸ்ட்?" என்று மட்டும் கேட்டார். அன்னிக்கு சாயங்காலமே ஒரு டி.வி. காம்பியர் வீட்டு வாசலில் போய் நின்றோம். அவருடைய மேனேஜர் கேட்ட முதல் கேள்வி... "யாரு தம்பி ஸ்பான்சர்?"

கெஸ்ட் இருந்தாதான் ஸ்பான்சர். ஸ்பான்சர் இருந்தாதான் கெஸ்ட். கடைசியில் எங்க ஹெச்.ஓ.டி.தான் சீஃப் கெஸ்ட். கேன்டீன் அண்ணன்தான் ஸ்பான்சர். சமோசா மட்டும் சூப்பர்!

இதே பல்பை ஒரு தேசமே வாங்கினால் எப்படி இருக்கும்? வாங்கியிருக்கிறது. கார் ரேஸில். அந்தக் கதைதான் இந்த வாரம்.

2005-ல் 'ஏ-1 கிராண்ட் பிரீ' என்று ஒரு புது ரேஸ் ஆரம்பித்தார்கள். ஆரம்பித்தவர் துபாய் ராஜ குடும்பத்து ஷேக் மக்தூம். ஐடியா செம சிம்பிள். ஃபார்முலா-1-ல் கம்பெனிக்கும் கம்பெனிக்கும் போட்டி. இங்கே நாட்டுக்கும் நாட்டுக்கும் போட்டி. எல்லா டீமுக்கும் ஒரே கார். லோலா கம்பெனி பாடி, ஸைடெக் வி-8 இன்ஜின். பணக்கார டீமுக்கு ஸ்பெஷல் இன்ஜின் என்ற பேச்சே கிடையாது. எஃப்-1 லீவு விடும் குளிர்காலத்தில் ரேஸ். எந்த நாட்டுக் கொடி காரில் இருக்கிறதோ, அந்த நாட்டுக்காரர்தான் ஸ்டியரிங்கைப் பிடிக்கணும். 2005 செப்டம்பரில் இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹாட்ச்சில் முதல் ரேஸ் நடந்தது. போட்டிக்கு வந்த நாடுகளில் இந்தியாவும் ஒண்ணு.

மூவர்ணம் பூசின கார்! கேட்கவே புல்லரிக்குதுல்ல? ஆனா பெயின்ட் அடிச்ச பிறகுதான் பிரச்னையே ஆரம்பம்.

டிரைவர் எங்கே பாஸ்?

நூறு கோடிப் பேர் இருக்கிற நாடு. ஆனா, அந்த மாதிரி காரைத் தாக்குப்பிடித்து ஓட்டக்கூடியவர்கள் யார் என்று எண்ணினால், ஒரு கை விரல்களே அதிகம். அதில் முதல் விரல் நரேன் கார்த்திகேயன். அந்த வருஷம்தான் அவர் ஜோர்டான் டீமில் சேர்ந்து, இந்தியாவின் முதல் எஃப்-1 டிரைவர் ஆகியிருந்தார். எஃப்-1 சீட்டில் இருப்பவரை, 'நாட்டுக்காக வாங்க சார்' என்று கூப்பிட முடியுமா?

அதனால் முதல் சீசனில் கார் ஓட்டியவர்கள் கருண் சந்தோக்கும் அர்மான் இப்ராஹிமும். கருணுக்கு 21 வயசு. அர்மானுக்கு 16. நம்ம ஊரில் கார் லைசென்ஸ் வாங்கவே 18 ஆகணும்!

இன்னொரு விஷயம் கவனிச்சீங்களா? நரேன் கோயம்புத்தூர். கருண், அர்மான், பின்னாடி வந்த பார்த்திவா சுரேஷ்வரன் எல்லாம் சென்னை. பெயர்தான் 'டீம் இந்தியா'. நிஜத்தில் பார்த்தால் சேரன் எக்ஸ்பிரஸில் ஏறி இறங்குகிற கோஷ்டி!

இது தற்செயல் இல்லை. சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்திலேயே ரேஸ் நடத்திய ஊர் நம்மது. அப்புறம் 1990-ல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்தது. கோவையில், 'ஃபார்முலா மாருதி' கார்களை உருவாக்கிய கரிவர்தன் பெயரில் 2003-ல் ஒரு டிராக் வந்தது. டிராக் இருக்கிற ஊரில்தானே டிரைவர் முளைப்பான்?

அதுலயும் எல்லா வீட்டிலும் முளைக்கலை. நரேனின் அப்பா தென்னிந்திய ராலி சாம்பியன். கருணின் அப்பா ராலி டிரைவர். அர்மானின் அப்பாவும் ரேஸ் டிரைவர். அதாவது, வீட்டிலேயே கிரீஸ் வாசனை அடிக்கணும். கிரிக்கெட்டுக்கு ஒரு தென்னை மட்டையும் முட்டுச்சந்தும் போதும். ஆட்டோ டிரைவர் மகன்கூட நேஷனல் டீம் வரைக்கும் போயிடலாம். ரேஸில் பத்து வயசுப் பையனுக்குக் கோ-கார்ட் வேணும், டயர் வேணும், மெக்கானிக் வேணும். அப்புறம் ஐரோப்பாவுக்கு டிக்கெட் வேணும். நிஜமான திறமைசாலி யாரோ ஒருத்தன் இப்போ ஈ.சி.ஆரில் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டு இருக்கலாம். அவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

கிடைத்த டிரைவரைக் கையில் வைத்துக்கொள்வதும் கஷ்டம். அவருக்கு லட்சியம் எஃப்-1. அதற்கான ஏணிப்படி வேற. கருண் அந்தப் படியில்தான் ஏறினார். 2007-ல் ஜிபி-2 போட்டியில் பெல்ஜியத்தில் ஒரு ரேஸ் ஜெயித்தார், 2010-ல் எஃப்-1 போனார். அவரைத் தப்பு சொல்ல முடியுமா? கேம்பஸ் இன்டர்வியூவில் பெரிய கம்பெனி கூப்பிட்டால், நீங்க என்ன டிபார்ட்மென்ட் அசோசியேஷன் செக்ரட்டரியாவே இருந்திடுவீங்களா?

ஸ்பான்சர் எங்கே பாஸ்?

'டீம் இந்தியா' என்றதும் டெல்லியிலிருந்து செக் வரும் என்று நினைச்சுடாதீங்க. ஏ-1-ல் ஒரு நாட்டுக்கான 'சீட்'டை வாங்கி நடத்துவது தனியார் வேலை. கொடி நாட்டுடையது, பில் அவங்களுடையது. டயர், சம்பளம், ஹோட்டல் ரூம் எல்லாத்துக்கும் ஆள் பிடிக்கணும்.

டைமிங் வேற சரியில்லை. உலகம் முழுக்க ரேஸ் கார்களுக்குப் பல வருஷமாகப் பணம் கொட்டியது சிகரெட் கம்பெனிகள்தான். ஐரோப்பிய நாடுகளில் அந்த விளம்பரத்துக்கு 2005 ஜூலையோடு தடை. இந்தியாவிலோ 2003-லேயே சட்டம் வந்தாச்சு. நல்ல சட்டம்தான், கை தட்டுவோம். ஆனா, பழைய பணப்பெட்டி மூடிய அதே நேரத்தில்தான் நம்ம டீம் புதுசாக உண்டியலோடு கிளம்பியது.

அடுத்த எதிரி, கிரிக்கெட். 2007 டிசம்பரில் சீனாவின் ஜூஹாய் நகரில் நரேன் கார்த்திகேயன் ஏ-1 ரேஸில் ஜெயித்தார். இந்திய அணிக்கு அதுதான் முதல் வெற்றி. 2008 மே மாதம் பிராண்ட்ஸ் ஹாட்ச்சில் இன்னொரு வெற்றி. உங்க அண்ணனிடமோ அப்பாவிடமோ அந்த மே மாதம் என்ன பார்த்தீங்கன்னு கேளுங்க. முதல் ஐ.பி.எல். ஆரம்பித்து மூணாவது வாரம் அது. சேப்பாக்கத்தில் விசில் பறந்துகொண்டு இருந்தது. ஒரு டீமுக்கு சுமார் 9 கோடி டாலர் கொடுத்து சென்னையை வாங்கிய காலத்தில், இங்கிலாந்தில் நம்ம கொடி ஏறியதை யார் பார்த்தாங்க?

துணிக்கடை முதலாளி கேட்டது இதைத்தான். 'எத்தனை பேர் பார்ப்பாங்க? எனக்கு என்ன லாபம்?' ஸ்பான்சர் என்பவர் தேசபக்தி டொனேஷன் கொடுக்க வந்தவர் இல்லை. அவர் விளம்பர போர்டு வாங்க வந்தவர். போர்டு யார் கண்ணிலும் படவில்லை என்றால் வாடகை தர மாட்டார்.

இப்போ வட்டத்தைப் பாருங்க. பணம் இல்லாட்டி பிராக்டிஸ் இல்லை. பிராக்டிஸ் இல்லாட்டி டிரைவர் பின்னாடி நிற்பார். பின்னாடி நிற்கிற காரை டி.வி. காட்டாது. டி.வி.யில் வராத காருக்குப் பணம் வராது. கார் ரேஸ் டிராக்கைத்தான் சுத்தணும். இங்கே டீமே இந்த வட்டத்தைச் சுத்திக்கிட்டு இருந்தது.

கடைசியில் டீமுக்கு முன்னாடி போட்டியே பஞ்சர் ஆனது. 2009-ல் ஏ-1 நடத்திய கம்பெனி திவால். அந்த அக்டோபரில் ஆஸ்திரேலியாவில் நடக்க வேண்டிய முதல் ரேஸுக்குக் கார்களே வந்து சேரவில்லை. கதை முடிந்தது.

பணம் இருந்தால் போதுமா?

"பணம் கொட்டியிருந்தா எல்லாம் சரியாகி இருக்கும்ல?" அதையும் பார்த்தாச்சு. 2007 கடைசியில் விஜய் மல்லையாவும் அவருடைய பார்ட்னரும் ஸ்பைக்கர் என்ற எஃப்-1 டீமை சுமார் 8.8 கோடி யூரோவுக்கு வாங்கி, 'ஃபோர்ஸ் இந்தியா' என்று பெயர் வைத்தார்கள். 2009-ல் பெல்ஜியத்தில் ஃபிசிகெல்லா அந்தக் காரில் ரெண்டாவது வந்தார். கெத்துதான். ஆனா, 2008-லிருந்து 2018 வரை அந்த டீமுக்காக ஒரு ரேஸில்கூட இந்தியர் ஓட்டவில்லை. ஒண்ணே ஒண்ணுகூட!

அதைவிட வேடிக்கை, அந்த சீட்டில் பல வருஷம் உட்கார்ந்தவர் நிகோ ஹூல்கன்பர்க். 2006-07 சீசனில் ஏ-1-ல் ஜெர்மனிக்கு சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்த டீன்-ஏஜ் பையன். ஜெர்மனி தன் நேஷனல் டீமில் 19 வயசுப் பையனை நம்பி சீட் கொடுத்தது. அவன் வளர்ந்து, நம்ம பேர் போட்ட காரை ஓட்டினான். புரியுதா மேட்டர்?

2018-ல் ஃபோர்ஸ் இந்தியாவும் கடனில் மூழ்கியது. சம்பள பாக்கிக்காகக் கோர்ட்டுக்குப் போனவர் யார் தெரியுமா? அந்த டீமின் டிரைவர் செர்ஜியோ பெரெஸ்! வேறு முதலாளி வந்து, சுமார் 400 பேர் வேலையைக் காப்பாற்றினார். இன்று அதே டீம் 'ஆஸ்டன் மார்ட்டின்'.

முதல் டீமில் டிரைவர் நம்மவர், பணம் இல்லை. ரெண்டாவதில் பணம் இருந்தது, டிரைவர் நம்மவர் இல்லை. ரெண்டையும் தனித்தனியாகத் தேடினால் ரெண்டுமே நிலைக்காது என்பதுதான் இந்தக் கதை. பையனைச் சின்ன வயசிலேயே பிடித்து வளர்க்கும் செலவும் ஸ்பான்சர் பட்ஜெட்டில் ஒரு பகுதியாக இருக்கணும். ஃபோர்ஸ் இந்தியாவே 2011-ல் அப்படி ஒரு தேடல் நடத்தியது. அதில் கிடைத்த ஜெஹான் தாருவாலா, பின்னாடி ஃபார்முலா-2-ல் ரேஸ்களை ஜெயித்தார். விதை போட்டால் முளைக்கிறது சார். தண்ணி ஊற்றத்தான் ஆள் வேணும்.

அஜித் குமார் ரேஸிங் டீம் 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸில் தன் பிரிவில் மூணாவது வந்தபோது, தூங்காமல் பார்த்தவங்க எத்தனை பேர்! 'யார் பார்ப்பாங்க' என்ற கேள்விக்கு அங்கே பதில் ரெடியாக இருந்தது. எல்லா டீமுக்கும் 'தல' கிடைக்காதே?

உங்களுக்கு என்ன வேலை?

'நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்'னு பக்கத்தைத் திருப்பாதீங்க. கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் 'ஃபார்முலா பாரத்' போட்டி நடந்துவருகிறது. காலேஜ் பசங்களே டிசைன் பண்ணி, வெல்டிங் வைத்து, காரோடு வரணும். அங்கே வேகத்துக்கு மட்டும் மார்க் இல்லை. 'பிசினஸ் பிளான்' என்று ஒரு ரவுண்டு உண்டு. இந்தக் காரில் ஒருத்தர் ஏன் பணம் போடணும் என்று நடுவர்கள் முன்னாடி பேசி ஜெயிக்கணும்.

மெக்கானிக்கல் பசங்க அந்த ரவுண்டு என்றாலே கொட்டாவி விடுவாங்க. 'பவர்பாயின்ட்தானே, முந்தின நாள் ராத்திரி பார்த்துக்கலாம்' என்பாங்க. மச்சி, ரெண்டு டீம் தடுக்கி விழுந்தது அந்த ரவுண்டில்தான்! உங்க காலேஜில் கார் டீம் இருந்தால், பக்கத்து பிளாக் பி.காம். பொண்ணை இன்னிக்கே டீமில் சேருங்க. ஸ்பானர் பிடிக்கத் தெரியாட்டி பரவாயில்லை. 'உங்களுக்கு என்ன லாபம்'னு துணிக்கடை முதலாளிக்குப் புரிகிற மாதிரி சொல்லத் தெரிந்தால் போதும்.

நான் அன்னிக்கு அந்த ஃபைலில் என்ன எழுதியிருந்தேன் தெரியுமா? பதினாறு பக்கம். எங்க காலேஜ் வரலாறு, எங்க டிபார்ட்மென்ட் பெருமை, எங்க நிகழ்ச்சிப் பட்டியல். அவருடைய கடையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவர் திறக்காமல் விட்டதில் ஆச்சரியமே இல்லை.

உங்க ஃபைலில் எத்தனை வரி இருக்கு? எண்ணிப் பார்த்து வைங்க. அடுத்த வாரம் சந்திப்போம்!