ஏரணத்திற்கும் ஆங்கிலப் பூட்டா?

கெடிலம் பெருகினால் கரையோரத் தெரு நனையும். இன்று தெரு நனைந்திருக்கின்றது. ஆகவே கெடிலம் பெருகியது. இம்முடிவு சரியா என்று திருப்பாதிரிப்புலியூரில் மீன்விற்கும் தாயொருத்தியைக் கேளுங்கள். "ஏன், மழை பெய்து நனைந்திருக்கக் கூடாதா?" என்று நொடியில் மடக்குவாள். அவள் கல்லூரி வாயிலை மிதித்தவளல்லள்; எனினும் ஏரணம் அவள் நாவில் இருக்கின்றது.

இதே வினாவை ஆங்கிலத்தில் நீண்ட பத்தியாக்கி, நான்கு விடைகளையும் ஆங்கிலத்திலேயே அடுக்கி, 'உனக்கு ஏரண அறிவு உண்டா?' என்று நம் பிள்ளைகளைக் கேட்கின்றது ஒரு தேர்வு. 'தேசிய'ச் சட்டப் பல்கலைக்கழகங்கள் எனப்படுபவற்றின் பொதுச்சட்ட நுழைவுத்தேர்வே அது. 2008-இல் தொடங்கிய நாள்முதல் ஆங்கிலத்தில் மட்டுமே நடந்து வருகின்றது. இரண்டு மணி நேரம், 120 வினாக்கள், அவற்றுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஏரணம், தவறான ஒவ்வொரு விடைக்கும் கால் மதிப்பெண் கழிவு. திருச்சிராப்பள்ளியில் தமிழ்நாட்டரசின் சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டுப் படிப்பிற்கும் இதுவே வாயில். தமிழ்மண்ணில் எழுந்த கட்டடத்திற்குத் தமிழில் கதவில்லை!

அவ்வினாக்கள் கேட்பனதாம் யாவை? பத்தியின் முடிவு எது? அதற்குச் சான்று எது? சொல்லாது மறைத்த கருதுகோள் எது? எப்புதுச்செய்தி அம்முடிவை வலுப்படுத்தும்? எது தளர்த்தும்? இவ்வளவே. இது தமிழர்க்குப் புதிதா? மணிமேகலை அளவைகளையும் போலி ஏதுக்களையும் வகுத்துரைத்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டார் சிவஞானபோதத்தை மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்னும் முறையிலேயே நிறுவினார். அவர் மாணவர் திருத்துறையூர் அருணந்தியார், பிறர் கொள்கையை முதலில் எடுத்துரைத்து மறுத்த பின்னரே தம் கொள்கையை நாட்டினார். நாவுக்கரசர் சமணராய் இருந்தகாலைத் தலைமை தாங்கியதாகச் சேக்கிழார் கூறும் பள்ளி, இப்பாதிரிப்புலியூரில் இருந்ததே. சொற்போர் விளைந்த மண்ணின் பிள்ளைக்கு ஏரணம் இல்லை என்று ஆங்கிலத்தாள் தீர்ப்புச் சொல்வதா?

"வழக்குமன்றத்தின் மொழி ஆங்கிலம், ஆகவே தேர்வும் ஆங்கிலத்திலேயே இருத்தல் வேண்டும்" என்பார் உளர். அவர்தம் அளவுகோலையே அவர்மேல் வைப்போம். இக்கூற்றில் மறைந்துள்ள கருதுகோள்கள் இரண்டு. மன்றங்கள் எல்லாம் ஆங்கிலத்திலேயே நடக்கின்றன என்பது ஒன்று. அது பொய். 1976-ஆம் ஆண்டின் ஆட்சிமொழித் திருத்தச் சட்டத்தால் நம் கீழமை வழக்குமன்றங்களில் தமிழ் இடம்பெற்றது. உயர்வழக்குமன்றத்திற்கும் தமிழ் வேண்டுமெனச் சட்டமன்றம் 2006-இல் கேட்டது; இராசத்தானத்திற்கும் பீகாருக்கும் இந்தியை ஒப்பிய தில்லி, நமக்கு இசையவில்லை. நுழையும் நாளிலேயே ஆங்கிலம் முற்றியிருத்தல் வேண்டும் என்பது மற்றொன்று. கற்பிக்க ஐந்தாண்டுகள் கையில் இருக்கையில் அதற்கென்ன தேவை? ஆங்கிலத்தை அளக்க அத்தேர்விலேயே தனிப்பிரிவு உள்ளதே! பின் ஏரணத்தை அளக்கவும் அதே கோல் எதற்கு? நெல்லை அளக்கும் மரக்காலால் துணியை அளப்பார் உண்டா?

"மொழிபெயர்ப்பது அரிது" என்பார்க்கும் விடை உண்டு. மருத்துவ நுழைவுத்தேர்வு 2017 முதலும், நடுவணரசின் பொறியியல் நுழைவுத்தேர்வு 2021 முதலும் தமிழிலும் நடக்கின்றன. அத்தேர்வுகளையே நாம் ஏற்றவரல்லோம். ஆயினும் வேதியலும் இயற்பியலும் தமிழில் வரக்கூடுமாயின், ஏரணம் வராதா? சட்டம் படித்து முடித்தோர் எழுதும் அனைத்திந்திய வழக்கறிஞர் தேர்வையும் தமிழில் எழுதலாம். வெளியேறும் வாயிலில் தமிழ் உண்டு. உள்நுழையும் வாயிலில் இல்லை. இதுவோ இவர்கள் ஏரணம்?

தமிழ்வழியில் படித்த உழவன் மகளும் மீனவன் மகனும் அறிவின்மையால் தோற்கவில்லை. அறிவைக் காட்ட மொழி மறுக்கப்பட்டுத் தோற்கின்றனர். அவர்கள் நுழையாத மன்றத்தில் நாளை நம் நிலத்தின் வழக்கையும் கடலின் வழக்கையும் எடுத்துரைப்பார் யாவர்?

தமிழ்மக்களே! திருச்சிராப்பள்ளிப் பல்கலைக்கழகம் நம் சட்டமன்றம் பெற்ற பிள்ளை. அதன் தேர்வைத் தமிழிலும் நடத்துக, இன்றேல் தமிழில் தனித்தேர்வு வைத்துச் சேர்த்துக்கொள்க என்று தமிழ்நாட்டரசைக் கேளுங்கள். இரந்து கேளாதீர்கள், உரிமையோடு கேளுங்கள்!