பில் பிரிண்டரும் ரவுட்டரும்

சாக்கோட்டையில் கரண்ட் போய் வந்தால் கடைகளில் ஃபேனும் ஃப்ரிட்ஜும் தானாக ஓடத் தொடங்கும். பில் பிரிண்டர் மட்டும் முரண்டு பிடிக்கும். உடனே காரைக்குடிக்குப் போன் போட்டு சர்வீஸ் ஆளை வரவழைப்பது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் தேவையே இல்லை. லினக்ஸ் கணினியோடு நெட்வொர்க்கில் கோத்த பிரிண்டர் என்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது ரவுட்டரைத்தான். மீண்டும் உயிர்பெறும்போது அது பிரிண்டருக்குப் புது ஐபி முகவரி கொடுத்துவிடலாம். கணினியோ பழைய முகவரிக்கே பில்லை அனுப்பிக்கொண்டிருக்கும். ஃபீட் பட்டனை அழுத்தியபடியே பவரைப் போடுங்கள். பல மாடல்களில் சோதனைச் சீட்டு ஒன்று வெளியே வரும், முகவரி அதிலேயே இருக்கும்; மாறியிருந்தால் கணினியிலும் அதையே கொடுங்கள். முகவரி சரியாக இருந்தும் அச்சாகவில்லையா? லினக்ஸில் அச்சு வேலைகளைக் கவனிக்கும் கப்ஸ், ஒருமுறை தோற்றதும் வரிசையையே நிறுத்தியிருக்கலாம். அதே கணினியின் பிரவுசரில் 631 போர்ட்டைத் திறந்து மறுபடி ஓடவிட்டால் போதும். (தேங்கிய பில்களை முதலில் அழித்துவிடுங்கள், இல்லையென்றால் காலை வியாபாரம் முழுக்க மாலையில் அச்சாகி ரோல் தீரும்.) பில்லில் சீப்புச்சீடை, மணகோலம் என்ற பலகாரப் பெயர்கள் கேள்விக்குறிகளாக வந்தால் அது வேறு கோளாறு: பெரும்பாலான பில் பிரிண்டர்களில் தமிழ் எழுத்துரு கிடையாது, மென்பொருள்தான் வரியைப் படமாக்கி அனுப்ப வேண்டும். என் குறை லினக்ஸ் மீதல்ல. இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸை நிறுவக் கூலி வாங்குகிறவர்கள், பிரிண்டருக்கு நிரந்தர முகவரி ஒதுக்கும் சின்ன வேலையை விட்டுவிட்டுப் போகிறார்களே, அவர்கள் மீதுதான். வணிகர்களே, அந்த முகவரியை எழுதிப் பிரிண்டரில் ஒட்டிக் காட்டிய பிறகே காசை எண்ணிக் கொடுங்கள்.