புத்தகத்துக்கு வரி இல்லையாம்!

2025 செப்டம்பர் 22, நவராத்திரியின் முதல் நாள். அன்றுதான் நாடு முழுக்க புதிய ஜி.எஸ்.டி. விகிதங்கள் நடைமுறைக்கு வந்தன. 12 சதவீத அடுக்கு ஒழிந்தது. பிள்ளைகள் படிக்கும் வீடுகளுக்கு அதில் நல்ல செய்தி ஒன்று இருந்தது. நோட்டுப் புத்தகம், பென்சில், ரப்பர், ஷார்ப்னர் எதற்கும் இனி வரி இல்லை. தொலைக்காட்சிகள் நாள் முழுக்க இதைச் சொல்லிக்கொண்டே இருந்தன.

அதே மாற்றத்தில் இன்னொன்றும் இருந்தது. அதைப் பற்றி அதிகம் பேர் பேசவில்லை. அச்சுக் காகிதத்தின் மீதான வரி 12 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக ஏறியது.

"அதனால் என்ன? புத்தகத்துக்குத்தான் வரியே இல்லையே!" என்று கேட்கலாம். உண்மைதான். 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்ததிலிருந்தே அச்சிட்ட புத்தகத்துக்கு வரி கிடையாது. கடையில் வாங்கும் நாவலின் ரசீதில் வரி என்ற இடத்தில் பூஜ்யம்தான் இருக்கும். ஆனால் அந்தப் பூஜ்யம் பாதி உண்மை. மீதிப் பாதி காகிதத்துக்குள் ஒளிந்திருக்கிறது.

எப்படி என்று பார்ப்போம். ஜி.எஸ்.டி.யின் அடிப்படை எளிமையானது. ஒரு தொழிலில் மூலப்பொருள் வாங்கும்போது கட்டிய வரியை, பொருளை விற்கும்போது வசூலிக்கும் வரியில் கழித்துக்கொள்ளலாம். உள்ளீட்டு வரி வரவு என்பது இதுதான். அட்டைப் பெட்டி செய்பவர் காகிதத்துக்குக் கட்டிய வரியை இப்படிக் கழித்துக்கொள்கிறார். அவருக்குக் காகித வரி ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கும் பணம்.

புத்தகம் போடுபவருக்கு அந்த மறு கை இல்லை. புத்தகத்துக்கு வரிவிலக்கு இருப்பதால் அவர் வாசகரிடம் வரி வசூலிப்பதில்லை. வசூலிக்காத வரியில் எதைக் கழிப்பது? ஆகவே காகிதத்துக்கும் அச்சுக்கும் அவர் கட்டிய வரி முழுவதும் செலவாகவே தங்கிவிடுகிறது. கடைசியில் அது புத்தகத்தின் பின் அட்டையில் அச்சிட்ட விலைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. வாசகர் வரி கட்டுகிறார், கட்டுவது அவருக்கே தெரியாமல்.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடலாம். ஆயிரம் பிரதிகள் போட 50,000 ரூபாய்க்குக் காகிதம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முன்பு அதற்கு வரி 6,000 ரூபாய். இப்போது 9,000 ரூபாய். பிரதிக்கு மூன்று ரூபாய் கூடுதல். "மூன்று ரூபாய்தானே!" என்று தோன்றும். ஆனால் இது அடக்க விலையில் ஏறுகிற மூன்று ரூபாய். அதன் மேல் கடைக்காரர் கழிவு, கிடங்குச் செலவு, விற்காமல் தங்கும் பிரதிகளின் நஷ்டம் எல்லாம் சேர வேண்டும். வாசகர் கைக்கு வரும்போது அது மூன்று ரூபாயாக இருக்காது.

இதோடு முடியவில்லை. அச்சிடும் வேலைக்கும் வரி உண்டு. அதுவும் எல்லோருக்கும் ஒன்றல்ல. பதிப்பாளரே காகிதம் வாங்கி அச்சகத்தில் கொடுத்தால் அது 'ஜாப் ஒர்க்'. புத்தகத்துக்கு அந்த வேலைக்கூலியின் மேல் 5 சதவீதம். அச்சகமே காகிதம் போட்டு அச்சடித்துக் கொடுத்தால், காகிதம், கூலி எல்லாம் சேர்த்து மொத்த பில்லுக்கும் 18 சதவீதம். 2021 அக்டோபர் வரை இது 12 சதவீதமாக இருந்தது.

மேலே சொன்ன ஆயிரம் பிரதிக்கே திரும்பலாம். காகிதம் 50,000, அச்சும் பைண்டிங்கும் 30,000 என்றால், காகிதம் வாங்கிக் கொடுப்பவருக்கு வரி 9,000 + 1,500 = 10,500 ரூபாய். எல்லாவற்றையும் அச்சகத்திடமே விடுபவருக்கு 80,000-க்கு 18 சதவீதம், அதாவது 14,400 ரூபாய். புத்தகம் ஒன்றே, காகிதம் ஒன்றே, மெஷினும் ஒன்றே. வரியில் மட்டும் 3,900 ரூபாய் வித்தியாசம்.

யார் காகிதம் வாங்கிக் கொடுக்க முடியும்? மொத்தமாக ரீம் கணக்கில் வாங்கி அடுக்கக் கிடங்கும், முன்பணம் போட வசதியும் உள்ள பெரிய பதிப்பகங்கள். முந்நூறு பிரதி போடும் சிறு பதிப்பாளரும், சேமிப்பை எடுத்துத் தன் முதல் கவிதைத் தொகுப்பைத் தானே போடும் கவிஞரும் அச்சகத்திடம் முழு வேலையையும் கொடுப்பவர்கள். வசதி குறைந்தவருக்கு வரி கூடுதல்! எந்த நிதியமைச்சரும் இப்படி நடக்க வேண்டும் என்று நினைத்துச் சட்டம் போட்டிருக்க மாட்டார். ஆனால் நடப்பது இதுதான்.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. ஏற்றுமதியை ஜி.எஸ்.டி. சட்டம் வேறு கண்ணால் பார்க்கிறது. ஏற்றுமதியாகும் பொருள் 'பூஜ்ய விகிதம்' என்ற வகையில் வரும். அந்தப் பொருளுக்கு உள்நாட்டில் வரிவிலக்கு இருந்தாலும், மூலப்பொருளுக்குக் கட்டிய வரியைத் திரும்பக் கேட்கலாம். சென்னையில் அச்சான ஒரு தமிழ் நாவலை சிங்கப்பூருக்கு ஏற்றுமதி செய்தால் அதன் காகித வரியைத் திரும்பப் பெற வழி இருக்கிறது. அதே நாவலை மதுரையில் விற்றால் வழி இல்லை. உள்ளூர் வாசகர் செய்த பாவம் என்ன?

காகிதம் விற்கும் இடத்தில் உள்ள குழப்பம் தனி. நோட்டுப் புத்தகத்துக்கு வரி இல்லை என்று சொன்னதும், அதற்குப் போகும் பூச்சில்லாத காகிதத்துக்கும் வரி இல்லை என்றார்கள். நியாயம்தான். ஆனால் அதே காகிதம் பாடநூலாகவோ நாவலாகவோ மாறப் போகிறது என்றால் 18 சதவீதம். மேப்லித்தோ காகிதத்தைப் பார்த்து, "நீ நோட்டாகப் போகிறாயா, புத்தகமாகப் போகிறாயா?" என்று கேட்டால் அது என்ன பதில் சொல்லும்? கோடு போட்டால் வரி இல்லை, எழுத்து அடித்தால் வரி. வெற்றுத்தாளுக்குக் கிடைக்கும் சலுகை திருக்குறளுக்குக் கிடைக்காது. ஆலையும் வியாபாரியும் வாங்குபவர் சொல்வதை நம்பி இரண்டு விதமாக பில் போட வேண்டும். நாளைக்கு அதிகாரி வந்து கேட்டால் ஆதாரம் காட்ட வேண்டியவரும் அவர்தான்.

நோட்டு தயாரிப்பவராவது நிம்மதியாக இருக்கிறாரா என்றால், அதுவும் இல்லை. காகிதத்துக்கு வரி இல்லை என்றாலும் அச்சு மைக்கு 18 சதவீதம். 2022 ஜூலையில்தான் அது 12-லிருந்து ஏறியது. மேலட்டைக்கும் வரி உண்டு. நோட்டுக்கு வரி இல்லாததால் இவை எதையும் கழிக்க முடியாது. புத்தகத்துக்கு நடந்த அதே கதை, கொஞ்சம் சின்ன அளவில்.

இதெல்லாம் யார் தலையில் விழுகிறது என்று தெரிய சிவகாசிக்குப் போக வேண்டும்.

மழை பொய்த்த கரிசல் சீமை அது. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், பட்டாசுக் கட்டுக்கும் லேபிள் வேண்டும். அந்தத் தேவையில் முளைத்ததுதான் சிவகாசியின் அச்சுத் தொழில். இன்று காலண்டர், டைரி, நோட்டு, பாடநூல், பெட்டி என்று அங்கே அச்சாகாதது குறைவு. பெரிய ஆஃப்செட் நிறுவனங்களைச் சுற்றி பிளேட் போடுபவர், லேமினேஷன் செய்பவர், வெட்டுபவர், மடிப்பவர், தைப்பவர் என்று சின்னச் சின்ன ஜாப் ஒர்க் கூடங்கள். ஒரு ஆர்டர் குறைந்தால் தெருவே சும்மா உட்காரும்.

அந்த ஊரில் ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருடக் காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவது வழக்கம். அன்றிலிருந்துதான் ஆர்டர் பிடிக்கும் காலம் தொடங்கும். ஆடியில் விலை சொல்லி ஆர்டர் வாங்கியவருக்குப் புரட்டாசியில் காகித வரி மாறினால் என்ன ஆகும்? 2021-ல் அப்படித்தான் ஆனது. அந்த அக்டோபர் 1 முதல் காலண்டர் உள்ளிட்ட அச்சுப் பொருட்களுக்கு வரி 12-லிருந்து 18-க்குப் போனது, சீசன் உச்சத்தில் இருக்கும்போது. ஜவுளிக்கடையும் நகைக்கடையும் காலண்டரை வாடிக்கையாளர்களுக்கு இலவசமாகத்தான் கொடுக்கின்றன. இலவசமாகக் கொடுக்கும் பொருளுக்கு உள்ளீட்டு வரி வரவை ஜி.எஸ்.டி. சட்டம் அனுமதிப்பதில்லை. ஆகவே அந்த 18 சதவீதம் கடைக்காரருக்கு நேரடிச் செலவு. அவர் ஆயிரம் காலண்டர் அடிக்கும் இடத்தில் எழுநூறு அடித்தால் குற்றம் சொல்ல முடியுமா? அதற்கு முந்தைய வருடம், 2020 செப்டம்பரில், மத்திய அரசுத் துறைகள் காலண்டரும் டைரியும் அச்சடிக்கக் கூடாது என்று உத்தரவு வேறு வந்திருந்தது.

அட்டைப் பெட்டியின் கதையும் இப்படித்தான். நெளிவு அட்டைப் பெட்டிக்கு 12 சதவீதம் இருந்தது. 2021-ல் 18 ஆனது. 2024-ல் மறுபடி 12. 2025-ல் 5. இறங்கியது நல்லதுதான். ஆனால் நாலு வருடத்தில் மூன்று முறை விலைப்பட்டியலைக் கிழித்து எழுத வைப்பது கொள்கையா, பரமபதமா?

அரசுத் தரப்பில் சொல்ல ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு வகைக் காகிதத்துக்கும் ஒவ்வொரு விகிதம் வைத்தால் வழக்குதான் பெருகும், ஒரே விகிதம் இருந்தால் தகராறு குறையும் என்பது நியாயமான வாதம். ஆனால் நோட்டுக் காகிதத்துக்குத் தனி விதி வைத்தபோதே அந்த வாதம் அடிபட்டுப் போய்விட்டது. "எல்லோரும் போனில் படிக்கிறார்கள், காகிதம் எதற்கு?" என்பது அடுத்த வாதம். 2022 மார்ச்சில் இலங்கையில் அந்நியச் செலாவணி தீர்ந்து காகித இறக்குமதி நின்றபோது, மேல் மாகாணத்தில் பள்ளித் தவணைத் தேர்வுகளையே தள்ளிவைக்க வேண்டி வந்தது. வினாத்தாள் அச்சடிக்கத் தாள் இல்லை! காகிதம் பழைய காலத்துச் சரக்கு என்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பத்திரிகைக் காகிதத்தின் வரலாறு இங்கே பாடமாக இருக்கிறது. பத்திரிகைக் காகிதத்தின் மீதான வரி கருத்துச் சுதந்திரத்தைத் தொடும் விஷயம், மற்றப் பொருட்களின் வரியைப் போல அதைப் பார்க்க முடியாது என்ற பார்வையை 1984 டிசம்பரில் இந்தியன் எக்ஸ்பிரஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் முன்வைத்தது. 2019 ஜூலை பட்ஜெட்டில் அதன் இறக்குமதிக்கு 10 சதவீத சுங்க வரி போட்டார்கள். பத்திரிகைகள் குரல் எழுப்பின. 2020 பிப்ரவரி பட்ஜெட்டில் அது 5 சதவீதமாகக் குறைந்தது. பத்திரிகைக்கு நாள்தோறும் பேச ஒரு வாய் இருக்கிறது. முந்நூறு பிரதி போடும் பதிப்பாளருக்கு அது இல்லை. செய்தித்தாளுக்குப் பொருந்தும் நியாயம் புத்தகத்துக்குப் பொருந்தாதா?

தமிழ்நாட்டில் வீட்டு வரி கட்டும் ஒவ்வொருவரும் அதோடு நூலக வரியும் கட்டுகிறார்கள். அந்தப் பணத்தில் நூலகங்கள் புத்தகம் வாங்குகின்றன. அந்தப் புத்தகத்தின் விலைக்குள் காகித வரி இருக்கிறது. படிப்பதற்காகக் கொடுத்த வரியிலிருந்தே இன்னொரு வரி போகிறது.

தீர்வு புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பிரிட்டனில் 1973-ல் மதிப்புக் கூட்டு வரி வந்ததிலிருந்து அச்சிட்ட புத்தகம் வெறும் விலக்கு அல்ல, பூஜ்ய விகிதம். அங்கே பதிப்பாளர் கட்டிய வரி அவருக்கே திரும்பி வருகிறது. இங்கே ஏற்றுமதிக்குக் கொடுப்பதை உள்ளூர்ப் புத்தகத்துக்கும் கொடுத்தால் போதும். அது முடியாது என்றால் அச்சுக் காகிதம் முழுவதையும் 5 சதவீதத்துக்குக் கொண்டுவரலாம். நோட்டா நாவலா என்ற கேள்வியும் அதோடு ஒழியும். குறைந்தபட்சம், யார் காகிதம் வாங்கினாலும் புத்தக அச்சுக்கு ஒரே விகிதம் என்றாவது ஆக்கலாம். எதைச் செய்தாலும் ஏப்ரலில் செய்யட்டும், காலண்டர் சீசன் நடுவில் வேண்டாம்.

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போகிறவர்கள் 10 சதவீதக் கழிவில் புத்தகம் வாங்கி, வரியே இல்லாத ரசீதோடு சந்தோஷமாகத் திரும்புவார்கள். பை நிறையப் புத்தகம் இருக்கும். ஒவ்வொரு புத்தகத்தின் ஒவ்வொரு தாளுக்கும் அவர்கள் வரி கட்டியிருப்பார்கள். புத்தகத்துக்கு வரி இல்லை என்று அரசு உண்மையிலேயே நினைக்கிறது என்றால், அந்த வார்த்தையைக் காகிதம் வரைக்கும் நீட்டட்டும்.