உளிக்கு ஏன் வார்னிஷ்?

ஊரில் பழைய வீட்டை விற்றபோது அப்பாவின் உளி, இழைப்புளி, அம்மாவின் அரிவாள்மணை ஆகியவை நம்மில் பலரோடு ரயிலேறி மும்பைக்கு வந்துவிட்டன. பரணில் கிடந்து துருவேறிய பின் அவை பங்கார்வாலாவிடம் எடைக்குப் போகின்றன. அல்லது வார்னிஷும் வெள்ளிப் பெயின்ட்டும் பூசிக்கொண்டு ஷோகேஸில் உட்காருகின்றன. இரண்டிலும் கருவியின் உழைப்பு முடிந்துவிடுகிறது. எனக்கு இரண்டுமே சம்மதமில்லை.

ரயில்வே பட்டறையில் சுத்தியல் பிடிக்குப் பெயின்ட் அடிக்க நான் விட்டதில்லை. பெயின்ட் விரிசலை மறைத்துவிடும்; ஓங்கும்போது தலை கழன்று பறந்தால் எதிரே நிற்பவர் கதி என்ன? வார்னிஷும் மரத்தின் மேல் தோலாகத்தான் நிற்கும். அது கீறிய இடத்தில் ஈரம் புகுந்தால் எளிதில் வெளியேறாது.

மரப்பிடிக்கு ஏற்றது ஆளிவிதை எண்ணெய். இங்கே ‘அல்சி கா தேல்’ என்று கேளுங்கள். அது மரத்துக்குள் ஊறி, காற்றிலுள்ள ஆக்ஸிஜனை ஏற்று இறுகும். மெல்லியதாகத் தடவி, மிச்சத்தைத் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் மறுபூச்சு கொடுக்கவும். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். தானே சூடேறித் தீப்பற்றும். தண்ணீரில் நனைத்தோ, திறந்த வெளியில் விரித்துப் போட்டோ காயவிடுங்கள்.

இரும்புக்கு வேறு வைத்தியம். துருவை உப்புத்தாளால் தேய்த்தெடுத்து, உளிக்கும் இழைப்புளி அலகுக்கும் மெஷின் எண்ணெய் தடவலாம். நாள்பட வைப்பதானால் தேன்மெழுகு. அரிவாள்மணைக்கு இவை வேண்டாம். உணவு படும் இடம். கடையில் ‘காய்ச்சிய’ ஆளி எண்ணெய் என்று விற்பதில் சீக்கிரம் உலர்வதற்காக உலோக உப்புகள் கலந்திருக்கலாம், அதுவும் கூடாது. கழுவித் துடைத்து இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினால் போதும். அது இறுகாது, எனவே அடிக்கடி தடவ வேண்டும்.

“வருஷா வருஷம் யார் எண்ணெய் போடுவது?” என்று கேட்பார்கள். அதுதான் இதன் சிறப்பே என்பேன். எண்ணெய் போடக் கையில் எடுத்தால்தான் பிடி ஆடுகிறதா, முனை மழுங்கியதா என்று தெரியும். பக்கத்தில் நிற்கும் பேரப்பிள்ளையும் ‘இது எதற்கு, தாத்தா?’ என்று கேட்பான். ஷோகேஸ் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதைப் பற்றி அவன் கேட்கமாட்டான்.

ஜூனில் மழை தொடங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பரணைத் திறந்து பாருங்கள்.