யப்பானியப் பேய்களின் புதுவாழ்வு

"வீட்டுக்கு வீடு மின்விளக்கு எரியும் நாட்டிலே பேய்களுக்கு என்ன வேலை, ஐயா?" என்று உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் சென்ற வாரம் என்னைக் கேட்டான். தன் தங்கை விரும்பிப் பார்க்கும் யப்பானியச் சித்திரப் படங்களில் எங்கு நோக்கினும் பூதமும் குறளியுமாய் இருப்பது அவனுக்கு வியப்பு. மணி அடித்துவிட்டமையால் அன்று அரைகுறையாகக் கூறிய விடையை இங்கே தொடர்கிறேன்.

யப்பானியர் இவற்றை 'யோகாய்' என்பர். இறந்தோரின் ஆவி வேறு, யோகாய் வேறு. ஆற்றிலே வாழும் கப்பாவுக்கு உச்சந்தலையில் ஒரு குழி. அதில் நீர் உள்ளவரைதான் அதற்கு வலிமை. நாம் குனிந்து வணங்கினால், மரியாதை தவறாத அப்பிராணியும் பதிலுக்குக் குனியும், நீர் சிந்திவிடும், நாம் ஓடித் தப்பலாம்! நூறாண்டு பழகிய குடையும் பாத்திரமும் உயிர்பெற்று நடமாடும். இத்தகைய உருவங்களைத் தொரியாமா செக்கியன் என்ற ஓவியர் 1776 இலேயே அச்சு நூலாக வெளியிட்டார். அச்சத்தை விலைகொடுத்து வாங்கி மகிழும் வழக்கம் நேற்று வந்ததன்று.

பின்னர் இவற்றை ஒழிக்கவும் ஒருவர் தோன்றினார். இனோவே என்ரியோ (1858–1919) என்னும் அத்தத்துவ அறிஞரை மக்கள் 'யோகாய்க் கலாநிதி' என்றே அழைத்தனர். மூன்று மூங்கிற் கால்களின்மேல் ஒரு மூடியை வைத்துக் கேள்வி கேட்டால், ஆவி வந்து அதனை அசைத்து விடை பகரும் என்று ஊரார் நம்பினர். அசைப்பது ஆவியன்று, கைவைத்தோர் தாமறியாது இயக்கும் தசைகளே என அவர் விளக்கினார். வேடிக்கை என்னவெனில், ஒழிப்பதற்கென அவர் திரட்டிய கதைகளே பிற்காலத்தார்க்குப் பெருங் களஞ்சியமாயின.

அச்சம் போயிற்று; உருவங்கள் போகவில்லை. அதற்குக் காரணமானோருள் முதலில் நினைக்கத்தக்கவர் மிசுக்கி சிகெரு (1922–2015). சக்காய்மினாட்டோ என்ற மீன்பிடித் துறைமுகத்தில் வளர்ந்த அவருக்கு, 'நொன்னொன்பா' என்று அழைக்கப்பட்ட கிழவி ஒருத்தி கதை சொன்னாள். வீட்டு உட்கூரையிலே கறை தெரிந்தால், இரவில் ஒரு யோகாய் வந்து நக்கிய அடையாளம் என்பாள். போர் வந்தது. ரபாவுலில் மலேரியாக் காய்ச்சலுடன் கிடந்த மிசுக்கி குண்டுவீச்சில் இடக்கையை இழந்தார். எஞ்சிய ஒரு கையாலே கிழவியின் உலகத்தைச் சித்திரக் கதைகளாக வரைந்தார். அவர் படைத்த, இடுகாட்டிற் பிறந்த கித்தாரோ என்ற சிறுவன் 1968 இல் தொலைக்காட்சிக்கு வந்தான். அவருடைய ஊர்த் தெருவில் 1993 இல் 23 வெண்கல யோகாய்ச் சிலைகளை நிறுவினர். இன்று அவை 170 இற்கும் மேல்.

ஆயினும் இப்புதுவாழ்வு முற்றும் நல்வாழ்வுதானா? தக்கஹாத்தா இசாவோ 1994 இல் எடுத்த 'பொம் பொக்கோ' என்ற படம் இதைத்தான் கேட்கிறது. தோக்கியோவின் புறத்தே குன்றுகளை வெட்டி நகர் அமைக்கிறார்கள். காட்டை இழக்கும் தனுக்கி என்னும் விலங்குகள் உருமாறி, மனிதரை விரட்டப் பேய் ஊர்வலம் ஒன்று நடத்துகின்றன. அம்முயற்சியில் முதிய தனுக்கி ஒன்று உயிரையும் விடுகிறது. மனிதரோ அஞ்சவில்லை, கண்டு களிக்கின்றனர். களியாட்டப் பூங்கா நடத்துவோர் அது தமது விளம்பரம் என்றே உரிமை கொண்டாடுகின்றனர். நகைச்சுவைப் படந்தான், எனக்கு அவ்விடத்திற் சிரிப்பு வரவில்லை. 2014 இல் 'யோகாய் வாட்ச்' என்னும் விளையாட்டின் பதக்கங்களுக்காகப் பெற்றோர் கடைகளில் வரிசை நின்றபோது, அப்பூங்காக்காரர் வென்றுவிட்டனரோ என்று எண்ணத் தோன்றுகிறது. ஆறுமில்லாமல், காடுமில்லாமல், பையிலே அடங்கும் யோகாய்!

மியாசாக்கி ஹயாவோ 2001 இல் தந்த 'ஸ்பிரிற்றட் அவே' வேறு வகை. தெய்வங்கள் நீராடும் விடுதிக்கு, நாற்றம் பொறுக்கமுடியாத சேற்றுருவம் ஒன்று வருகிறது. அதன் உடலில் ஏதோ குத்தி நிற்பதைச் சிறுமி ஒருத்தி காண்கிறாள். கயிறு கட்டி எல்லோரும் இழுக்க, வெளிவருவது ஒரு துவிச்சக்கரவண்டி. அதன் பின்னே மலைபோலக் குப்பை. வந்தது ஓர் ஆற்றின் தெய்வம். இது முழுக் கற்பனையன்று. மியாசாக்கி ஓர் ஆற்றைத் துப்புரவு செய்யச் சென்றபோது, நீருக்கு மேலே ஒரு சில்லு தெரிந்ததாம். எளிதில் வரும் என்று இழுத்தவர்கள், பல்லாண்டுச் சேறு ஏறிய அவ்வண்டியை எடுக்கப் பெரிதும் இடர்ப்பட்டனராம். பின்னர் அவ்வாற்றுக்கு மீன்கள் மெல்லத் திரும்பின என்றும் அவர் கூறியிருக்கிறார்.