கொல்லிமலைச் சாமை சூப்பர் மார்க்கெட்டுக்கு வந்தாச்சு... மலை வீட்டு அடுப்புக்கு?

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் ஊராட்சிகளுக்கே ‘நாடு’ என்றுதான் பெயர். குண்டனி நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு என வரிசையாகச் சொல்லலாம். இங்குள்ள மலையாளி பழங்குடி மக்கள் தலைமுறைகளாக விதைத்துச் சாப்பிட்டது சாமை, தினை, வரகு, கேழ்வரகு. தானியத்தைத் ‘தொம்பை’யில் கொட்டி வைப்பாங்க.

அப்புறம் என்ன ஆச்சு? மரவள்ளி வந்தது. கிழங்கைப் பிடுங்கினால் லாரி ஏறி சேகோ ஆலைக்குப் போயிடும், கையில் காசு. சாமை அப்படியில்லை. அதன் உமியை நீக்க, பெண்கள் உரலில் போட்டு மணிக்கணக்கில் குத்தணும். 2011 முதல் ரேஷன் அரிசியும் இலவசம். யார்தான் குத்துவாங்க? ‘பாரம்பரியத்தை மறந்துட்டாங்க’ என்று நகரத்தில் உட்கார்ந்து வருத்தப்படுவது எனக்கு அபத்தமாகத்தான் படுகிறது.

1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே வேலையைத் தொடங்கியது. ஊர்க்காரர்களே நடத்தும் விதை வங்கி, சுயஉதவிக் குழுக்கள், உமி நீக்கும் இயந்திரம், விற்பனை எனப் படிப்படியாக வந்தன. விதை வங்கியில் வட்டியும் விதைதான்: வாங்கியதை அறுவடைக்குப் பின் கூடுதலாகத் திருப்பித் தரணும். 1980களின் பஞ்சத்துக்குப் பிறகு எத்தியோப்பியக் கிராமங்களில் சமூக விதை வங்கிகள் உருவானதும், உள்ளூர் விதை அழிந்துவிடக் கூடாது என்றுதான். (நம்ம கேழ்வரகின் பூர்வீகமே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலம்தான்!)

இதில் பெரிய மாற்றத்தைத் தந்தது விதையைவிட அந்த இயந்திரம் என்பேன். உலக்கை ஓய்ந்தால்தான் சாமைச்சோறு வீட்டுக்குள் திரும்பும்.

ஆனால் சிக்கல் தீரலை. 2023ஐ ஐ.நா. சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. நகரத்தில் சாமை ‘ஹெல்த் ஃபுட்’ ஆகிவிட்டது. நல்ல விலை கிடைத்தால் மலை விவசாயி விற்கத்தான் செய்வார், அது தப்பில்லை. சாமையை விற்றுவிட்டு, நார்ச்சத்து குறைந்த பாலிஷ் அரிசியை அவர் குடும்பம் சாப்பிடுவதற்குப் பெயர் உணவுப் பாதுகாப்பா?

வழி இருக்கு. 2023ல் நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. அதே மாதிரி கொல்லிமலையில் சாமையை அரசே குழுக்களிடம் வாங்கி, குண்டனி நாட்டு ரேஷன் கடையிலும் சத்துணவுக் கூடத்திலும் தரலாமே? மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலைப் பட்டியலில் கேழ்வரகுக்கு இடமுண்டு, சாமைக்குத் தனி விலை இல்லை. அதனால் கொள்முதல் விலையை மாநில அரசுதான் முதலில் சொல்லணும், அதுவும் விதைப்புக்கு முன்பே.