பனிக்கடலில் நமக்கு என்ன வேலை?

வெயில் வேண்டும். சுள்ளென்று அடிக்கும் வெயில் வேண்டும்.

சிவகாசி, வெம்பக்கோட்டை, ஆலங்குளம் வட்டாரத்தில் பட்டாசு ஆபீசுக்கு வேலைக்குப் போகிறவர்களைக் கேட்டால் இதைத்தான் சொல்வார்கள். (இந்தப் பக்கத்தில் பட்டாசுத் தொழிற்சாலைக்கும், தீப்பெட்டித் தொழிற்சாலைக்கும் "ஆபீஸ்" என்று தான் பெயர்.) மருந்து ஏறிய சரக்கு வெயிலில் காய வேண்டும். மேகம் மூடினால் வேலை மந்தம். மழை இறங்கினால் வேலை நின்றுவிடும். வேலை நின்றால் கூலியும் நின்றுவிடும்.

அதே வீட்டுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தால், "கண்மாய் பெருக வேண்டும், நல்ல மழை பெய்ய வேண்டும்" என்றும் வேண்டிக் கொள்வார்கள். ஒரே வீட்டில் வெயிலுக்கு ஒரு வேண்டுதல், மழைக்கு ஒரு வேண்டுதல்!

இப்படி எப்போதும் வானத்தைப் பார்த்தே வாழும் ஊர்க்காரர்களுக்கு, வானத்தின் கணக்கு எங்கே எழுதப்படுகிறது என்று தெரிந்துகொள்ள உரிமை உண்டு. அந்தக் கணக்கின் ஒரு பக்கம், ஆலங்குளத்தில் இருந்து சுமார் 8 ஆயிரத்து 500 கிலோ மீட்டருக்கு அப்பால், வட துருவப் பனிக்கடலில் இருக்கிறது.

"அங்கே ஐஸ் உருகினால் நமக்கு என்ன அண்ணாச்சி?" என்று டீக்கடை பெஞ்சில் இருந்து ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி தான். பதிலைப் பார்ப்போம்.

நான்கு இந்தியா அளவு

உலகத்தில் 5 மகா சமுத்திரங்கள் இருக்கின்றன. அவற்றில் மிகச் சிறியது வட துருவ சமுத்திரம். சிறியது என்றாலும் சுமார் 1 கோடியே 40 லட்சம் சதுர கிலோ மீட்டர். நம் இந்தியாவைப் போல நான்கு இந்தியாவை அதற்குள் வைத்து விடலாம். அப்போதும் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கும்.

தென் துருவத்துக்கும், வட துருவத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. தென் துருவம் நிலம். அதைச் சுற்றிக் கடல். வட துருவம் கடல். அதைச் சுற்றி நிலம். வட துருவத்தில் நீங்கள் நின்றால் காலுக்குக் கீழே இருப்பது மிதக்கும் பனிப்பாளம். அதற்குக் கீழே சுமார் 4 கிலோ மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர்.

குளிர்காலத்தில் இந்தக் கடல் பெரும்பாலும் உறைந்து விடும். மார்ச் மாதத்தில் பனி அதிகம். கோடைகாலத்தில் கரைந்து, செப்டம்பரில் மிகவும் குறைந்து விடும். இது ஆதிகாலத்தில் இருந்து நடக்கும் கூத்து. ஆனால், இப்போது செப்டம்பரில் மிஞ்சும் பனி ஆண்டுக்கு ஆண்டு சுருங்கி வருகிறது. செயற்கைக்கோள் மூலம் அளக்கத் தொடங்கியது 1979-ம் ஆண்டில். அந்தக் காலத்தில் செப்டம்பரில் சுமார் 70 லட்சம் சதுர கிலோ மீட்டர் பனி மிஞ்சும். 2012-ம் ஆண்டு செப்டம்பரில் மிஞ்சியது 34 லட்சம் தான். பாதி போய்விட்டது!

வெள்ளை மாடி, கருப்பு மாடி

ஏன் உருகுகிறது? உலகம் முழுவதும் வெப்பம் ஏறி வருகிறது. நிலக்கரி, பெட்ரோல் எரித்த புகையின் வேலை அது. ஆனால், 1979-க்குப் பிறகு வட துருவத்தில் மட்டும் மற்ற இடங்களைப் போல ஏறக்குறைய 4 மடங்கு வேகத்தில் வெப்பம் ஏறி இருக்கிறது. இது 2022-ம் ஆண்டில் வெளியான கணக்கு.

வெப்பம் அங்கே மட்டும் ஏன் ஓடுகிறது என்பதை ஆலங்குளத்துக்காரர்களுக்கு எளிதாகச் சொல்லி விடலாம். அரசு சிமெண்டு ஆலையும், சுண்ணாம்புக் கல்லும் உள்ள ஊர். மொட்டை மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் கீழே அறை குளுகுளு என்று இருக்கும். அதே மாடியில் தார் பூசினால்? உள்ளே இருக்க முடியாது.

பனி என்பது வெள்ளை அடித்த மாடி. அதன் மேல் விழும் வெயிலில் பாதிக்கு மேல் வானத்துக்கே திரும்பிப் போய்விடும். பனி உருகிய இடத்தில் கருநீலக் கடல் தெரியும். அது தார் பூசிய மாடி. நூற்றுக்கு 6 பங்கு வெயிலைத்தான் திருப்பி அனுப்பும். மீதியைக் குடித்துச் சூடாகும். அந்தச் சூடு பக்கத்துப் பனியையும் உருக்கும். வட்டிக்கு வட்டி போல வளரும் கடன் இது.

இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்து விடுவோம். மிதக்கும் பனி உருகுவதால் கடல் மட்டம் உயராது. சர்பத்தில் மிதக்கும் ஐஸ் கட்டி கரைந்தால் டம்ளர் வழிகிறதா? இல்லை. பயம் அதில் இல்லை. பயம் கிரீன்லாந்தில் இருக்கிறது. அது உலகத்திலேயே பெரிய தீவு. அங்கே பனி இருப்பது நிலத்தின் மேல். அது கரைந்து கடலில் இறங்கினால் வெளியே இருந்து டம்ளரில் ஊற்றுவது போல. முழுவதும் கரைந்தால் உலகக் கடல் மட்டம் 7 மீட்டருக்கு மேல் உயரும். அதற்குப் பல நூற்றாண்டுகள் ஆகும். ஆனால், கரைவது தொடங்கிவிட்டது. தூத்துக்குடியும், சென்னையும் கடலோரத்தில் தான் இருக்கின்றன.

கயிற்றின் மறுமுனை

இனி மழைக்கு வருவோம்.

ஒரு நீளக் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்து உதறினால் மறுமுனை வரை அலை ஓடும் அல்லவா? மேல் வானத்தில் ஓடும் காற்றும் அப்படித்தான். வடக்கே ஓர் இடத்தில் வெப்பம் மாறினால், காற்று வளைந்து வளைந்து, ஐரோப்பாவைத் தாண்டி, ஆசியா வரை அந்த அலை வந்து சேரும்.

கோவாவில் மத்திய அரசாங்கத்தின் துருவ ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்குள்ள விஞ்ஞானிகளும், வெளிநாட்டு விஞ்ஞானிகளும் சேர்ந்து 2021-ம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். ரஷியாவுக்கு வடக்கே காரா கடல் என்று ஒன்று உண்டு. அங்கே கோடைப் பனி குறைவதற்கும், மத்திய இந்தியாவில் செப்டம்பர் மாதத்தில் கொட்டித் தீர்க்கும் பெருமழைக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்பது அவர்கள் கண்டது. காற்றலை வடக்கே இருந்து வருகிறது. சூடேறிய அரபிக்கடல் ஈரத்தைக் கொடுக்கிறது. இரண்டும் சேர்ந்தால் அடைமழை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த ஆராய்ச்சி மத்திய இந்தியாவைப் பற்றியது. நம் பக்கத்து ஐப்பசி, கார்த்திகை மழை வடகிழக்குப் பருவக்காற்றில் வருவது. அதற்குத் தாய்வீடு வங்காள விரிகுடா. எந்த மழை பெய்தாலும், பெய்யாவிட்டாலும் "எல்லாம் வட துருவத்தின் வேலை" என்று சொல்லுவது விஞ்ஞானம் ஆகாது.

ஆனால், மத்திய இந்தியா நமக்கு அந்நியம் அல்ல. செப்டம்பரில் அங்கே வயல் முழுகினால் துவரையும், உளுந்தும் கெடும். விருதுநகர் மண்டியில் பருப்பு விலை ஏறும். நம் சரக்கு தீபாவளிக்காக லாரி ஏறிப் போவதும் வட நாட்டுக்குத்தான். அங்கே மழை கொட்டினால் கடைவீதி வெறிச்சோடும். கடைவீதி வெறிச்சோடினால் அடுத்த ஆண்டு ஆர்டர் குறையும். காரா கடலில் உதறிய கயிறு, வெம்பக்கோட்டையில் ஒரு குடும்பத்தின் வாரக் கூலியைத் தொட்டுவிடுகிறது.

யாருடைய கடல்?

பனி விலகினால் தகராறு வரும். மூடிக் கிடந்த பெட்டி திறந்தது போல, அடியில் எண்ணெய், எரிவாயு, மேலே மீன், கப்பல் பாதை எல்லாம் வெளியே தெரிகின்றன.

இந்தக் கடலோரத்தில் நிலம் உள்ள நாடுகள் 5. ரஷியா, கனடா, நார்வே, அமெரிக்கா, டென்மார்க். அமெரிக்காவுக்கு அங்கே இடம் கிடைத்தது அலாஸ்காவால். 1867-ம் ஆண்டில் 72 லட்சம் டாலருக்கு ரஷியாவிடம் இருந்து விலைக்கு வாங்கியது அது! டென்மார்க்குக்கு இடம் கிடைத்தது கிரீன்லாந்தால். அந்தக் கிரீன்லாந்தைத் தனக்குத் தரவேண்டும் என்று அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப் 2019-லும் கேட்டார், 2025-லும் கேட்டார். அங்கே வசிப்பவர்கள் சுமார் 57 ஆயிரம் பேர் தான். "எங்கள் ஊர் விற்பனைக்கு இல்லை" என்று சொல்லிவிட்டார்கள்.

கரையில் இருந்து 200 கடல் மைல் வரை அந்தந்த நாட்டுக்கு உரிமை. அதற்கு அப்பால் கடலடித் தரை தன் நிலத்தின் தொடர்ச்சி என்று காட்டினால், அதற்கும் உரிமை கேட்கலாம். இதுதான் சர்வதேசக் கடல் சட்டம். 2007-ம் ஆண்டு ஆகஸ்டு 2-ந் தேதி ரஷியர்கள் நீர்மூழ்கியில் இறங்கி, வட துருவத்துக்கு நேர் கீழே, 4 ஆயிரத்து 200 மீட்டருக்கு மேல் ஆழத்தில், துருப்பிடிக்காத கொடி ஒன்றை நட்டார்கள். மற்ற நாடுகள் கொதித்தன. வரப்புத் தகராறில் ராத்திரியோடு ராத்திரியாகக் கல் நடுவது எல்லா ஊரிலும் உண்டு போலும்!

மீன் விஷயத்தில் மட்டும் முன்யோசனை வந்தது. நடுக் கடலில் 16 ஆண்டுகளுக்கு மீன்பிடித் தொழில் நடத்துவதில்லை என்று 2018-ல் ஒப்பந்தம் செய்து, 2021-ல் அமலுக்குக் கொண்டு வந்தார்கள். மீன் எவ்வளவு இருக்கிறது என்று அளந்த பிறகு தான் வலை. நம் கடல்களுக்கும் இப்படி யோசித்திருக்கலாம்.

பைபாஸ் ரோடு

சூயஸ் கால்வாய் வழியாக ஐரோப்பாவில் இருந்து ஜப்பான் போகும் கப்பல்கள் இலங்கைக்குத் தெற்கே, நம் வாசலை ஒட்டித்தான் போகின்றன. ரஷியாவின் வடகரையை ஒட்டிப் போனால் தூரம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். பனி இருந்த வரை அது கஷ்டமான பாதை. ரஷியா அணுசக்திக் கப்பல்களை விட்டுப் பனியை உடைத்து வழி செய்கிறது. முதல் கப்பலான "லெனின்" 1959-ல் வேலைக்கு வந்தது.

2024-ம் ஆண்டில் அந்தப் பாதையில் சுமார் 3 கோடியே 80 லட்சம் டன் சரக்கு போயிற்று. பெரும்பகுதி ரஷியாவின் சொந்த எண்ணெய், எரிவாயு. 2023-ல் சூயஸ் வழியே போனது 100 கோடி டன்னுக்கு மேல். ஆகவே நாளைக்கே நம் வாசல் காலியாகாது. ஆனாலும், ஊருக்கு வெளியே நாலு வழிச்சாலை போட்ட பிறகு ஊருக்குள் இருந்த டீக்கடைகளின் கதி என்ன என்பது நமக்குத் தெரியும்.

இந்தியாவும் சும்மா இல்லை. சென்னையில் இருந்து ரஷியாவின் விளாடிவாஸ்டாக் துறைமுகத்துக்குக் கப்பல் பாதை அமைக்க 2019-ல் கையெழுத்து ஆயிற்று. சூயஸ் சுற்றிப் போனால் 40 நாள். இதில் 24 நாள். வடகடல் பாதைக்குக் கிழக்கு வாசல் அந்தப் பக்கத்தில் தான் இருக்கிறது.

பின் வரிசை நாற்காலி

வட துருவ விவகாரங்களைப் பேச 8 நாடுகள் சேர்ந்த கவுன்சில் ஒன்று 1996-ல் அமைந்தது. கடலோர நாடுகள் 5. அவற்றோடு சுவீடன், பின்லாந்து, ஐஸ்லாந்து. இந்தியாவுக்கு 2013-ம் ஆண்டு மே மாதம் பார்வையாளர் இடம் கிடைத்தது. சீனா, ஜப்பானுக்கும் அதே நாளில் தான் கிடைத்தது. பார்வையாளர் என்றால் உட்காரலாம், கேட்கலாம். ஓட்டுப் போட முடியாது.

2022-ல் உக்ரைன் போர் மூண்டதும் மற்ற 7 நாடுகள் ரஷியாவோடு உட்கார மறுத்தன. பின்னர் வேலை ஓரளவு தொடங்கினாலும் பழைய நெருக்கம் இல்லை. கடற்கரையில் பாதி ரஷியாவுடையது. அங்கே வெப்பம் அளக்கும் கணக்கு மற்றவர்களுக்குக் கிடைக்காவிட்டால், பாதி ஊரை விட்டுவிட்டு ஜனத்தொகை எடுப்பது போல ஆகிவிடும். இரண்டு பக்கமும் பேசக்கூடிய நாடு இந்தியா. பின் வரிசை நாற்காலிக்கு உள்ள ஒரே பலம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பள்ளிக்கரணையில் செய்த கருவி

கவுன்சிலில் ஓட்டு இல்லாவிட்டாலும், பனிக்கடலில் நமக்கு ஒரு வீடு இருக்கிறது. அதற்குப் பத்திரம் 1920-ம் ஆண்டைச் சேர்ந்தது. காந்தியடிகள் ஒத்துழையாமை இயக்கம் தொடங்கிய அதே ஆண்டு. பிப்ரவரி 9-ந் தேதி பாரிசில், சுவால்பார்டு தீவுகள் நார்வேக்குச் சொந்தம் என்று ஒப்பந்தம் ஆயிற்று. கையெழுத்திட்ட நாட்டார் அங்கே சமமாகத் தொழில் செய்யலாம். இந்தியாவுக்காக அன்று பிரிட்டிஷார் கையெழுத்துப் போட்டார்கள். நமக்குத் தெரியாமலே நமக்குக் கிடைத்த உரிமை!

அந்தத் தீவில் நியோலெசுண்ட் என்று ஒரு சிற்றூர். முன்பு நிலக்கரிச் சுரங்கம். 1962-ம் ஆண்டு நவம்பர் 5-ந் தேதி சுரங்கம் வெடித்து 21 தொழிலாளர்கள் மாண்டார்கள். வெடிவிபத்து என்றால் என்ன என்று முதலிப்பட்டியைப் பார்த்த நம் ஜனங்களுக்கு யாரும் சொல்லத் தேவை இல்லை. நார்வேயில் என்ன நடந்தது தெரியுமா? சுரங்கம் மூடப்பட்டது. பாதுகாப்பில் குறை என்று பார்லிமெண்டில் கேள்வி எழுந்தது. 1963-ல் அரசாங்கமே கவிழ்ந்தது. 21 உயிர்களுக்காக ஒரு அரசாங்கம்!

சுரங்க ஊர் பிறகு விஞ்ஞானிகளின் ஊர் ஆயிற்று. 2007-ல் இந்திய விஞ்ஞானிகள் முதல் முறையாகப் போனார்கள். 2008-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி "ஹிமாத்ரி" என்ற இந்திய நிலையம் திறக்கப்பட்டது. குளிர்காலத்தில் அங்கே ஏறக்குறைய 4 மாதம் சூரியன் உதிக்காது. வெள்ளைக் கரடி வந்தால் ஓடி ஒளிய வேண்டும் என்பதற்காக வீடுகளைப் பூட்டுவதில்லை. கோடையில் மட்டும் போய்வந்த நம்மவர்கள், 2023 டிசம்பர் முதல் அந்த இருட்டிலும் தங்கத் தொடங்கினார்கள்.

ஊருக்கு எதிரே கடல் உள்வாங்கிய நீர்ப்பரப்பு. 2014-ம் ஆண்டு ஜூலை 23-ந் தேதி அதற்குள் ஒரு கருவித் தொகுதியை இறக்கினார்கள். ஆழம் 192 மீட்டர். பெயர் "இண்டார்க்". கோவா மையத்தோடு சேர்ந்து அதை உருவாக்கியது, சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம். சதுப்பு நிலத்துப் பறவைகளுக்குப் பேர்போன அதே பள்ளிக்கரணை தான்!

கம்பி ஒன்றில் மேலும் கீழுமாகக் கட்டிய கருவிகள் தண்ணீரின் வெப்பத்தையும், உப்பையும், ஓட்டத்தையும் அளக்கின்றன. கடலடிச் சத்தத்தைக் கேட்கும் காதும் பின்னர் சேர்க்கப்பட்டது. பனி உடையும் ஓசை அதில் பதிவாகிறது. இறக்கியது நார்வே நாட்டுக் கப்பல். பனிக்கடலில் ஓடும் கப்பல் அப்போது இந்தியாவிடம் இல்லை. அப்படி ஒன்றைக் கல்கத்தா கப்பல் தளத்தில் கட்ட 2025-ம் ஆண்டு ஜூன் மாதம் நார்வே கம்பெனியோடு ஒப்பந்தம் ஆனது.

இண்டார்க் அளந்த கணக்கு உடனே ஊருக்கு வந்துவிடாது. கருவி தண்ணீருக்கு அடியில் தனியாகக் கிடந்து குறித்து வைத்துக்கொள்ளும். கோடையில் கப்பலில் போய், அதை மேலே தூக்கி, ஒட்டியிருக்கும் பாசியைத் துடைத்து, கணக்கை எடுத்துக்கொண்டு, மறுபடி தண்ணீருக்குள் இறக்க வேண்டும். வெம்பக்கோட்டையில் தீபாவளி ஆர்டருக்காகச் சரக்கு காய்ந்துகொண்டிருக்கும் மாதங்கள் தான் அவை.